முதியோர் இல்லங்களை நடத்துபவர்களுக்கு, ஐப்பசி மழைக்கு முன்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்திருக்கிறேன். இப்போது 74 வயது. உங்களைப் போன்ற ஒருவர் நடத்தும் இல்லத்தில் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, மாத்திரை தவறுவதில்லை. ஃபுளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நீங்கள் எல்லோரும் மாற வேண்டும் என்று நினைக்கிறேன்.

போன கார்த்திகையில் எங்களைக் குளிப்பாட்டிவிடும் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலைக்கு வந்தாள். "காய்ச்சலாம்மா?" என்றேன். "மாத்திரை போட்டுட்டேன் நர்ஸம்மா, சரியாயிடும்" என்றாள். லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. அவள் வேறு என்ன செய்வாள்? நாலாம் நாள் எங்கள் வரிசையில் மூன்று பேர் படுத்தார்கள். பத்து நாளுக்குள் ஒன்பது பேர். என் பக்கத்துக் கட்டில் அக்காவுக்குப் பெரிதாகச் சூடுகூட இல்லை. சோறு வேண்டாம் என்றார், மகன் பெயரை மாற்றிச் சொன்னார், பாத்ரூம் போகும் வழியில் தடுமாறி விழுந்தார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். நானும் விட்டுவிட்டேன். நிமோனியா என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ஆறு நாள் கடந்திருந்தது. அக்கா திரும்பி வரவில்லை.

யாருக்கும் சளி எடுத்துப் பரிசோதிக்கவில்லை. ஆகவே இன்ஃப்ளூயன்ஸாதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வயதானவர்களிடம் அந்த நோய் வருவதே இப்படித்தான். இளவட்டத்துக்கு நெருப்பாய்க் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். எங்களுக்குப் பசி போகும், புத்தி தடுமாறும், கால் நிலைக்காது. ஃபுளூ வந்த முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2018-ல் சொன்னது. எங்களில் பாதிப் பேர் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்குகிறவர்கள். எங்களுக்கு இது வெறும் சளிக்காய்ச்சல் இல்லை.

அதனால்தான் மத்திய அரசின் வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இலேசான அறிகுறி என்றாலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் ஓசல்டாமிவிர் என்ற ஃபுளூ வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்கு முழுப் பலன். நம் இல்லங்களில் நடப்பது என்ன? முதல் நாள் கஷாயம், இரண்டாம் நாள் பாராசிட்டமால், மூன்றாம் நாள் யாரோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடக்கூடத் தொடாது. அந்த மூன்று நாள்தான் அக்காவிடம் இருந்த நேரம்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற முறை எங்கள் இல்லத்தில் ஃபுளூ ஊசி என்று பேச்சு வந்ததும், வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போனது. பாதிப் பேர் பதிலே போடவில்லை. சிலர் "எதுக்குத் தேவையில்லாம" என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. எங்களில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. கை எங்களுடையது ஐயா. நினைவு தப்பியவர்களுக்குக் குடும்பத்தைக் கேளுங்கள், சரி. மற்றவர்களை ஹாலில் உட்கார வைத்து ஒரு டாக்டரையோ நர்ஸையோ பேசச் சொல்லுங்கள். கேள்வி கேட்க விடுங்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

பேசுகிறவர் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த ஊசி அம்மைக்குப் போட்ட ஊசியைப் போல அல்ல. அந்த ஆண்டு பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்தினால் டாக்டரிடம் போகுமளவுக்கு ஃபுளூ வருவதை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கும். வயதான உடம்பில் பலன் இன்னும் குறையலாம். ஊசி போட்டும் ஃபுளூ வரலாம். வந்தாலும் மருத்துவமனைக்கும் மரணத்துக்கும் போகும் வாய்ப்பு குறையும். சாதாரணச் சளியைத் தடுக்காது, ஏனென்றால் அது வேறு வைரஸ்களின் வேலை. "ஊசி போட்டும் சளி பிடிச்சுது" என்கிறவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃபுளூ வராது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு கனக்கும். நரம்பைப் பாதிக்கும் கீயான்-பாரே என்ற நோய் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரலாம், அதையும் மறைக்கக் கூடாது. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர் போடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு, ஊசி போட்ட இடத்தை இரண்டு நிமிடமாவது தேய்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

"பன்றிக்காய்ச்சலுக்குத் தனி ஊசியா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். தனி ஊசி வேண்டாம். 2009-ல் உலகையே பயமுறுத்திய அந்த எச்1என்1 இப்போது ஆண்டுதோறும் வந்துபோகும் ஃபுளூ வகைகளில் ஒன்று. ஒரே ஊசிக்குள் அதுவும் அடக்கம். நாலு வகைக்கான ஊசி போய் மூன்று வகைக்கானது வந்தால் மட்டச் சரக்கு என்று சண்டை போடாதீர்கள். பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை, அதனால்தான் அதை எடுத்துவிட்டார்கள். வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி எந்த வகைகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை போடுவதும் அதனால்தான்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். டெல்லி, புனே பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃபுளூ உச்சம். சென்னை, வேலூரைக் கவனித்தவர்கள் இங்கே அக்டோபர், நவம்பரில்தான் உச்சம் என்று கண்டிருக்கிறார்கள். நம் அடைமழைக் காலம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும், சில மாதங்களில் அதன் பலம் இறங்கத் தொடங்கும். ஆகவே ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் வாரம் நமக்குத் தோதான நேரம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்து வந்ததா, உறைந்துபோகவில்லையா என்று கேட்டு வாங்குங்கள். தயிரும் பாலும் வைக்கிற ஃபிரிட்ஜில் கதவோரம் அடுக்காதீர்கள். தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்தவள் என்பதால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கடைசியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலைக்கு வந்த அந்தப் பெண்ணைப் பற்றி. அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃபுளூ பரவத் தொடங்கும். எங்களைத் தூக்கி உட்கார வைக்கிறவர்கள், சோறு ஊட்டுகிறவர்கள், சமையல்காரர், காவல்காரர் எல்லோருக்கும் இல்லத்தின் செலவில் ஊசி போட வேண்டும். வெளியே ஒரு ஊசி ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அவர்கள் எங்கே போவார்கள்? காய்ச்சல் என்றால் ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். பிடித்தம் இல்லை என்று முன்கூட்டியே வாயால் சொல்லுங்கள், நம்பும்படி சொல்லுங்கள். ஊசியை மட்டும் போட்டுவிட்டுச் சம்பளத்தைப் பிடித்தால், அடுத்த கார்த்திகையிலும் அவள் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவாள்.

புரட்டாசிக்கு முன் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் எழுத, யாருக்கு என்ன ஒவ்வாமை என்று கேட்டுக் குறிக்க, ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள என்னால் இன்னும் முடியும். எங்கள் இல்லத்து நிர்வாகியிடம் இந்தக் கடிதத்தின் பிரதியை நேற்றே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்