கிறுக் சத்தமும் 122.5 மில்லிமீட்டரும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்த விஷயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். முட்டிவலிக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறார், சைக்கிள் மிதித்தால் சத்தம் போடுகிறது, கடைக்காரர் "பி.பி. போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார், எதை வாங்க என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். என் வண்டிக்கும் அதே நோய் வந்து, இப்போதுதான் தீர்ந்தது.

ஆனால் சத்தம் கேட்டதும் பி.பி. மேல் பழி போடாதே. பி.பி. என்றால் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடலைத் தாங்கும் இரண்டு கிராங்க் கைகளையும் இணைக்கும் அச்சும் அதன் பேரிங்கும். அது இருக்கும் இடம் அப்படி. சட்டத்தின் குழாய்கள் எல்லாம் வந்து கூடும் மூலை. எங்கே சத்தம் வந்தாலும் குழாய் வழியாகப் பரவி, காலடியிலிருந்து வருவதாகத்தான் காதுக்குத் தோன்றும். சீட் போஸ்ட், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி, பெடல், செயின்வீல் போல்ட், ஹேண்டில்பாரின் ஸ்டெம் எல்லாமே சந்தேகத்துக்குரிய பேர்வழிகள்தான்.

என் வண்டி, பையன் பெங்களூர் போகும்போது விட்டுப்போன ஹைபிரிட். ஸ்டீல் சட்டம், முன்னால் மூன்று பல்சக்கரம். காலையில் சுசீந்திரம் வழியாக மணக்குடி வரை போய், பாலத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். 2004 சுனாமி பழைய பாலத்தைக் கொண்டுபோன பிறகு கட்டினார்களே, அந்தப் பாலம். சமதரையில் வண்டி வாயே திறக்காது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போனபோதுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது. போகும்போது மேல்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போகும், மிதிக்கவே வேண்டாம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து மறிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? எழுந்து நின்று அழுத்தி மிதித்தால், வலது கால் இறங்கும் ஒவ்வொரு முறையும் 'கிறுக்'.

எழுந்து நின்றும் கேட்டது என்றால் சீட்டும் சீட் போஸ்ட்டும் குற்றவாளி இல்லை. கால் ஒரு சுற்று வரும்போது ஒருமுறை கேட்டதால் சக்கரமும் இல்லை. செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால் அது இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் வந்து போகும். மிச்சம் பெடல், கிராங்க், பி.பி. மூன்றுதான். பழைய பெடல் ஒரு ஜோடி பரணில் கிடந்தது, மாட்டிப் பார்த்தேன். சத்தம் போகவில்லை. செயின்வீல் போல்ட்டுகளைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தொட்டு முறுக்கினேன். அதற்கும் அசையவில்லை. அப்புறம்தான் செயினை இறக்கிவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். அரிசியில் கல் கடிபடுகிற மாதிரி உள்ளே ஒரு நறநறப்பு. இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசான ஆட்டமும் இருந்தது. இந்த இரண்டும் உன் வண்டியில் இருந்தால் மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேள்.

கழற்றும் வேலையைக் கோட்டாறு பக்கம் இருக்கும் அண்ணாச்சி கடையில் வைத்துக்கொண்டோம். நம் அப்பாமார் ஓட்டிய கறுப்பு வண்டிகளில் கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னை ஒரு தட்டு தட்டினால் கிராங்க் கையோடு வரும். இதில் சுத்தியலுக்கு வேலை இல்லை. கிராங்கை இழுத்துக் கழற்ற 22 மில்லிமீட்டர் மரை உள்ள கிராங்க் புல்லர் என்ற கருவி வேண்டும், அதையும் முழுசாக உள்ளே முறுக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அரைகுறையாக மாட்டி இழுத்தால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும், அதோடு கிராங்குக்கும் தலைமுழுக வேண்டியதுதான்.

பி.பி.யை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கும் மரை போட்ட வளையம்தான் கப். அதைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வலதுபக்கக் கப்புக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசை. மிதிக்க மிதிக்கக் கப் தானாகத் தளர்ந்துவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. இடம் வலம் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். எந்தப் பக்கம் ஆனாலும் ஸ்பானரின் மேல்முனை முன்சக்கரத்தை நோக்கிப் போனால் கப் கழலும், பின்சக்கரத்தை நோக்கிப் போனால் இறுகும். பெடலுக்கு இது நேர் தலைகீழ். இத்தாலிக்காரர்களின் பழைய பந்தய வண்டிகளில் மட்டும் இரண்டு பக்கமும் சாதாரண மரை. அந்த மாதிரி வண்டி உன்னிடம் இருக்காது.

வலது கப் அசையவே இல்லை. துருவிளக்கி ஊற்றி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி அண்ணாச்சி ஏறி நின்றார். 'டப்' என்று விட்டது. உள்ளேயிருந்து அரைக் கரண்டி செந்தண்ணீர் தரையில் வடிந்தது. மழைத்தண்ணீர் சீட் போஸ்ட் இடுக்கு வழியாக இறங்கி இங்கேதான் வந்து தேங்கும். அது வெளியேறத்தான் பி.பி. உட்காரும் சட்டக் குழாயான கூட்டுக்கு அடியில் சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அது சேறு இறுகி அடைந்துபோய்க் கிடந்தது. புத்தளத்து உப்பளக் காற்றும் நம் ஊரின் இரண்டு பருவமழையும் சேர்ந்தால் எந்த பேரிங்தான் தாங்கும்? நீ கோவையில் இருப்பதால் உப்புத் தொல்லை இல்லை. ஆனாலும் உடனே போய் அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்.

இனி நீ கேட்ட விஷயம். கடையில் போய் 'நல்ல பி.பி. ஒன்று கொடு' என்று கேட்காதே. பிராண்டைவிட அளவுதான் முக்கியம். முதலாவது, கூட்டின் அகலம். பெரும்பாலும் 68 மில்லிமீட்டர், மலைவண்டி என்றால் 73 ஆகவும் இருக்கும். மரை பி.எஸ்.ஏ. வகை, 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 புரி. அடுத்து அச்சின் நீளம், முனையிலிருந்து முனைவரை. இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பழையதின் உடம்பிலேயே 68-113, 68-118 என்று அடித்திருக்கும். என்னுடையதில் துரு தின்றுவிட்டதால் லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்தோம். 122.5 வந்தது.

ஒரு கடையில் 118தான் இருந்தது. "நாலு மில்லிமீட்டர்தானே, அட்ஜஸ்ட் ஆயிரும்" என்றார்கள். ஆகாது மக்கா. 4.5 மில்லிமீட்டர் குறைந்தால் செயின்வீல் சுமார் 2.25 மில்லிமீட்டர் உள்ளே போகும். மூன்று பல்சக்கர வண்டியில் உள்சக்கரம் சட்டத்தில் உரசும், முன் கியரும் ஒழுங்காக விழாது. பழைய நீளம் எதுவோ அதே நீளம்தான் என்று நின்றுவிட்டேன். கடைசியில் திருவனந்தபுரத்தில் இருக்கும் மருமகன் அங்கே வாங்கி ரயிலில் கொண்டுவந்தான். அச்சின் சதுர முனையிலும் ஜப்பான் அளவு, ஐ.எஸ்.ஓ. அளவு என்று இரண்டு உண்டு. சரிவு இரண்டுக்கும் 2 டிகிரிதான், முனைத் தடிமன் வேறு. ஷிமானோ கம்பெனி ஜப்பான் அளவு, கம்பாக்னோலோ கம்பெனி ஐ.எஸ்.ஓ. மாற்றிப் போட்டால் கிராங்க் உட்காரும் இடமே மாறிவிடும்.

அண்ணாச்சி பழையபடி கப், அச்சு, தளர் பால்ரஸ் போடலாம் என்றார். கால் இஞ்ச் பால்ரஸ், பக்கத்துக்குப் பதினொன்று, வருஷத்துக்கு ஒருமுறை கழுவி கிரீஸ் வைத்தால் உன் பேரன் வரை ஓடும் என்று. பொய் இல்லை. அச்சும் பேரிங்கும் ஒரே உறைக்குள் அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் வகையைத் திறந்து கழுவ முடியாது, தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். இருந்தாலும் தண்ணீர் புகாமல் சீல் போட்டது அதுதான் என்பதால் நான் அதையே எடுத்தேன். வருஷா வருஷம் கழுவுகிற ஆளா நான்? விலை குறைந்தவற்றில் இடதுபக்கக் கப் பிளாஸ்டிக்காக இருக்கும், உலோகக் கப்பாகப் பார்த்து வாங்கு. இன்னொருவன் 'ஹாலோடெக்குக்கு மாறுங்க' என்றான். கிராங்கோடு அச்சும் சேர்ந்தே வரும் வகை அது. மரை ஒன்றுதான், கூட்டில் மாட்டலாம், ஆனால் கிராங்க், செயின்வீல் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ஒரு கிறுக் சத்தத்துக்கு இத்தனை செலவா? போதாததற்கு அதில் பேரிங் கூட்டுக்கு வெளியே, தண்ணீருக்கும் உப்புக்கும் இன்னும் பக்கத்தில்.

மாட்டும்போது கூட்டின் மரையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, நிறைய கிரீஸ் பூசினோம். பாதிச் சத்தம் காய்ந்த மரையால்தான் வருகிறது என்பது என் கட்சி. கப்பை 50 முதல் 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் இருபது கிலோ தொங்கினால் வருகிற அழுத்தம் என்று வைத்துக்கொள். அச்சின் சதுர முனைக்கு கிரீஸ் போடலாமா கூடாதா என்பதில் அண்ணாச்சியும் நானும் ஒத்துப்போகவில்லை. அவர் பூசச் சொன்னார், நான் துடைத்துவிட்டு மாட்டினேன். கிராங்க் போல்ட்டைக் கொஞ்சதூரம் ஓட்டியபின் ஒருமுறை சரிபார்த்தால் போதும். சும்மா சும்மா முறுக்கினால் கிராங்க் மேலே ஏறி ஏறி விரிசல் விடும், தளர்வாக விட்டு ஓட்டினால் அலுமினியச் சதுரம் தேய்ந்து போகும்.

சத்தம் அடியோடு நின்றுவிட்டது. மறுபடி ஆரல்வாய்மொழிக் காற்றில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் வண்டி புதுசு என்பதால் ஒரு சந்தேகம். கிராங்க் நடுவில் போல்ட் இருந்து, அதைக் கழற்றினால் சதுர முனை தெரிந்தால் நான் சொன்ன கதை பொருந்தும். மரையே இல்லாமல் கூட்டுக்குள் பேரிங்கை அழுத்திச் செருகிய பிரஸ்ஃபிட் வகையாக இருந்தால் கதை வேறு. கூட்டின் துளை துல்லியமாக இல்லாவிட்டால் புதிய பேரிங்கும் சில நாளில் முனக ஆரம்பிக்கும். அப்படியானால் ஊர்க்கடையில் சுத்தியல் வைத்து அடிக்க விடாதே, அதற்கென்று அழுத்தும் கருவி வைத்திருப்பவனிடம் போ. கழற்றியதும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு, அளவும் எழுது.

இங்கே மழை விட்டபாடில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு நின்று தம்பி வீட்டில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. கிராங்க் புல்லர் என்னிடமே இருக்கிறது, அதுவரை சத்தத்தோடு ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது, ஆட்டம் மட்டும் கூடாமல் பார்த்துக்கொள். மைனியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்