காதுக்கும் விரலுக்கும் எழுத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்ப் பாடநூல்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் பார்வையற்ற மாணவர்கள் கேட்கவும் தடவிப் படிக்கவும் ஏற்றபடி மாற்றித் தந்தவர்களுக்கும், தேர்வு அறையில் பக்கத்தில் அமர்ந்து எழுதித் தந்தவர்களுக்கும் இந்த மடல். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்தால் யார் என்ன பாடுபட்டார்கள் என்பது தெரியாமலே போய்விடும். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில் ஸ்கேன் செய்தவர்கள். தடித்த நூலை அப்படியே விரித்துப் படமெடுத்தால் தையல் ஓரம் வளைந்துகொள்ளும். இடப்பக்க வரிகளின் கடைசி எழுத்துகளும் வலப்பக்க வரிகளின் முதல் எழுத்துகளும் நிழலில் போய்விடும். நீங்கள் கண்ணாடித் தகட்டால் அழுத்தி, ஒவ்வொரு பக்கமாக 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் எடுத்தீர்கள். இரண்டு பத்தியாக அச்சான பக்கங்களைத் தனித்தனியே வெட்டிக் கொடுத்தீர்கள். வெட்டாமல் விட்டால், படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள் சில நேரம் இடப்பக்க வரியோடு வலப்பக்க வரியை ஒட்டிவிடும். சோழர் கடற்படைக்கு நடுவே மண்வளம் வந்து நிற்கும்.

மெய்ப்புப் பார்த்தவர்களுக்குத்தான் கடன் அதிகம். எழுத்துணரி, துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டுவிடும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகும். கண் பழக்கதோஷத்தில் அதைக் ‘காலம்’ என்றே படித்துக்கொண்டு நகரும். கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருளோ இருப்பதை இருக்கிறபடியே படிக்கும். ‘கௌரவம்’ இன்னும் மோசம். ஔகாரக் குறியை இடாமல் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. காதில் மட்டும் ‘கெ’, ‘ள’ என்று பிரிந்து விழும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினீர்கள். தலைப்புகளை வெறும் தடித்த எழுத்தாக்காமல் தலைப்பு நடையிலேயே (ஹெடிங் ஸ்டைல்) அமைத்தீர்கள். திரைவாசிப்பானில் எச் விசையைத் தட்டி அத்தியாயம் அத்தியாயமாகத் தாவ முடிவது அதனால்தான். அச்சு நூலின் பக்க எண்ணைத் தனி வரியாக விட்டுவைத்ததும் நல்ல யோசனை. வகுப்பில் ஆசிரியர் சொல்வது பக்க எண்ணைத்தானே!

ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய கோப்புகளை, தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்குத் தனி வணக்கம். பாமினியில் தட்டிய ‘அம்மா’வைத் திரைவாசிப்பான் எம், கே, செமிகோலன், கே, எச் என்று படிக்கும். எழுத்துரு மாற்றி மென்பொருளில் மொத்தமாகப் போட்டால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்து, பிறகு உரிய இடத்தில் சேர்த்த பொறுமைக்கு நன்றி. முடிந்தவர்கள் இனி முதலிலேயே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்; பாதி வேலை மிச்சம்.

ஒலிப்பதிவு செய்தவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தபடி வாசித்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ‘அடிக்குறிப்பு’ என்று தொடங்கி ‘அடிக்குறிப்பு முடிந்தது’ என்று சொன்னதும், அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அதன் தலைப்பைச் சொன்னதும் பெரிய உதவி. ஒலிநூலில் ஒரு குறை உண்டு. எந்த ‘ன’, எந்த ‘ர’ என்று காது காட்டிக்கொடுக்காது. புதிய பெயர் வரும்போது அதை எழுத்துக்கூட்டிச் சொன்னவர்கள் மாணவர்களின் மதிப்பெண்ணைக் காப்பாற்றினார்கள்.

அந்தக் குறை, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் இல்லை. தமிழ்ப் பிரெயிலில் ‘கொ’ எழுதக் ககரத்தை அடுத்து ஒகரம். கொம்பும் காலும் இருபுறம் நிற்பதில்லை. மெய்யெழுத்துக்கான புள்ளியோ எழுத்துக்கு முன்னால் வரும், ஆறு புள்ளிக் கட்டத்தின் நான்காம் புள்ளியாக. இதைக் கற்றுக்கொண்டு சரிபார்த்த பார்வையுள்ள நண்பர்களே, வாழ்க. அச்சிட்ட தொகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வைத்த நூலகப் பணியாளர்களுக்கும் நன்றி. அடுக்கினால் புள்ளி அமுங்கிவிடும், விரலுக்கு எதுவும் சிக்காது.

இனி, தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் ஸ்கிரைப் நண்பர்கள். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. அப்படியென்றால் மூன்று மணித் தேர்வுக்கு நான்கு மணி நேரம் கையொடிய எழுத வேண்டும். வினாத்தாளை முழுவதும் ஒருமுறை மதிப்பெண்ணோடு வாசித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வினாவாகத் திரும்ப வாசித்தீர்கள். கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொன்னீர்கள். விடை தவறென்று தெரிந்தும் முகத்தையோ குரலையோ மாற்றாமல் சொன்னதை மட்டும் எழுதினீர்கள். அது எவ்வளவு கடினம் என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும். தேர்வன்று காலையில் ஒருவர் வர முடியாமல் போனால் ஓடி வருவதற்கென்றே அடையாள அட்டையோடு காத்திருந்த மாற்று ஸ்கிரைப்புகளையும் மறக்கவில்லை. ஒரு வரிகூட எழுதாமல் வீடு திரும்பியவர்களுக்கும் இந்த நன்றியில் பங்குண்டு.

மூலக் கோப்புகளை முகம் சுளிக்காமல் தந்த பதிப்பாளர்களுக்கும் நன்றி. 2012இன் பதிப்புரிமைத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படி மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஆனாலும் ஸ்கேன் செய்து பிழை திருத்துவதைவிட மூலக் கோப்பு கிடைப்பது நூறு மடங்கு மேல்.

ஸ்கேனுக்காகத் தையல் பிரித்த நூல்களை பைண்டர் மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டார், கூலி வாங்காமல். இரவல் தந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓரம் கால் அங்குலம் குறைந்திருக்கும், பொறுத்தருள்க.

நன்றியுடன்,
பார்வையற்ற வாசகர்களும் மாணவர்களும்