செல்விக்கு, பாக்கி விஷயமாக

அன்புள்ள செல்வி,

நீ, பிள்ளைகள், அண்ணனின் முட்டிவலி எல்லாம் நலம்தானே? இங்கேயும் நலம். என் பருப்புப் பொடியில் பூண்டு அதிகம் என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், டப்பாவும் காலியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். நீ அதை வேகமாக ஓடவிட்டு, ஓவர்லாக் தையல் மிஷின் சத்தத்தில் பாதியைக் கோட்டைவிட்டு, கடைசியில் ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். எனக்கு உன் கட்டைவிரல் வேண்டாம். உட்கார்ந்து படி.

கோயம்புத்தூரில் பெண் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நம் ஹாஸ்டல் தோழி பூதக்கண்ணாடிதான் இழுத்துக்கொண்டு போனாள். ஹாஸ்டலில் நம் முறுக்கை எண்ணிப் பார்த்த அதே கண் இப்போது வங்கியில் லோன் பேப்பர் பார்க்கிறது, பாவம் அந்த ஜனங்கள். மேடையில் ஏறிய எல்லோரும் "துணிந்து இறங்குங்கள்" என்றார்கள். நாமெல்லாம் இறங்கி எத்தனையோ வருஷமாகிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறோம், இப்போது வந்து இறங்கச் சொன்னால் என்ன செய்வது? அப்புறம் "நெட்வொர்க்கிங்" என்று ஒரு மணி நேரம் விட்டார்கள். கார்டு கொடுத்தோம், கார்டு வாங்கினோம், போட்டோவுக்குச் சிரித்தோம். அந்தக் கார்டுகளில் ஒன்றுக்கும் நான் போன் பண்ணவில்லை, எனக்கும் யாரும் பண்ணவில்லை.

உருப்படியான விஷயம் சாப்பாட்டு வரிசையில்தான் நடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் செக்கு எண்ணெய் போடுகிற அம்மா ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். நாங்கள் இருவரும் ஒரே சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போடுகிறோம் என்று பேச்சில் தெரிந்தது. உடனே, "உங்களுக்கு எத்தனை நாள்ல பணம் போடறாங்க?" என்று கேட்டார். நான் வழக்கம்போல, "வந்துருதுங்க, ஒண்ணும் பிரச்சினையில்லை" என்றேன். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணும் பிரச்சினையில்லீங்க. அஞ்சு மாசமா பிரச்சினையில்லாம அங்கேயே நிக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் ராகி மால்ட் போடுகிற பெண் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தக் கடையா?" என்று உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் சோப்பு.

பாயசம் வருவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எண்ணெய்க்கார அம்மாவிடம் கடை எடுக்கும் மார்ஜின் 25 சதவீதம். என்னிடம் 32. புதிதாக நுழைந்த மால்ட்காரியிடம் 35, அதோடு முதல் ஆர்டர் சரக்கு இலவசம். எக்ஸ்பைரி ஆன பாக்கெட்டைத் திருப்பி அனுப்பி பில்லில் கழிப்பது எல்லோருக்கும் உண்டு. ஆனால் எண்ணெய்க்கார அம்மா ஆரம்பத்திலேயே "ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருக்கிறார். அப்படி எழுதி வாங்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. பர்ச்சேஸ் மேனேஜர் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "உங்களுக்கு மட்டும்தான் இந்த ரேட், வெளியே சொல்லிடாதீங்க" என்றிருக்கிறார். நாங்களும் தாலி கட்டிக்கொண்ட மாதிரி அந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறோம்.

அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். "எழுச்சிப் பெண்கள்" என்று பெயர் வைக்கலாம் என்ற ஒருத்தியை உட்காரவைத்துவிட்டு, "பாக்கி" என்று வைத்தோம். குட்மார்னிங் படம் போட்டால் வெளியேற்றம். ரேட், பாக்கி, சப்ளையர், இது மூன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. பவுச் வாங்குவதையே எடுத்துக்கொள். நம் பெயர் போட்டு அச்சடிக்க நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், அதுபோக ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும், யாரிடம் அவ்வளவு முதல் இருக்கிறது? இப்போது எல்லோரும் சேர்ந்து அச்சில்லாத பவுச் மொத்தமாக எடுத்து, ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறோம். எனக்குப் பாக்கெட்டுக்கு மிச்சமாகும் காசை எண்ணிப் பார்த்தால் இத்தனை நாள் யாரை வாழவைத்தேன் என்று வயிறு எரிகிறது.

சரி, பாக்கிக்கு வருகிறேன். இது உனக்கும் ஆகும், கவனமாகப் படி. சிறு தொழிலுக்கு என்று 2006இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, எம்எஸ்எம்இ சட்டம். உத்யம் என்கிற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நம் ஊர் கந்துவட்டிக்காரன் கேட்டால் சந்தோஷப்படுவான். நீ கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க்கும் இதில் சேரும். புகார் கொடுக்க 2017இலிருந்து ஆன்லைனிலேயே வழி இருக்கிறது, விசாரிக்கிற கவுன்சில் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது.

சட்டம் இருந்து என்ன, வாங்குகிறவன் மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்பதுதானே நம் பயம்? எனக்கும் அதே பயம்தான். பூதக்கண்ணாடி இன்னொன்று சொன்னாள். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தப் பில்லை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். அதாவது நம் பாக்கிக்கு அவர்கள் வரி கட்ட வேண்டும். இதனாலேயே சில இடங்களில் "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க" என்று சின்ன யூனிட்டுகளைக் கேட்டார்களாம், பார் சாமர்த்தியத்தை.

புகாருக்குப் போகவில்லை. எல்லோரும் ஒரே நாளில், ஒரே மாதிரி, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குக் கடிதம் அனுப்பினோம். பில் எண், தேதி, உத்யம் எண், இன்று வரைக்கும் வட்டி, கீழே அந்தப் பிரிவின் எண். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அந்த வாரமே அவர்கள் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். வட்டி கிடைக்கவில்லை, அசல் ஏறக்குறைய முழுக்க வந்துவிட்டது. எண்ணெய்க்கார அம்மாவுக்கு மட்டும் அதற்கப்புறம் ஆர்டர் வரவில்லை. முதலில் வாயைத் திறந்தது அவர்தான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர் அலட்டிக்கொள்ளாமல், அந்த எண்ணெயைத் திருப்பூரில் ரெண்டு அபார்ட்மென்ட்டுக்கு நேரடியாகப் போட ஆரம்பித்துவிட்டார்.

மேடையில் லிஜ்ஜத் அப்பளம் கதையும் சொன்னார்கள். 80 ரூபாயில் தொடங்கி எங்கேயோ போய்விட்டார்கள் என்று. கதை நிஜம்தான். 1959 மார்ச் 15ஆம் தேதி, பம்பாய் கிர்காமில், ஏழு குஜராத்திப் பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து உருட்டியது நாலு பாக்கெட். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அந்த 80 ரூபாயில் எனக்கு அதிசயம் ஒன்றுமில்லை. கடன் கொடுத்த சகன்லால் பரேக் அவர்களிடம் வற்புறுத்தியதுதான் பெரிசு: கணக்கை ஒழுங்காக எழுது, மட்டமான ரகம் ஒன்று போட்டு மலிவாக விற்கலாம் என்று நினைக்காதே, இதைத் தர்ம காரியம் என்று நடத்தாமல் வியாபாரமாக நடத்து. நஷ்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று அந்தப் பெண்களும் முடிவு செய்துகொண்டார்கள். முதல் வருஷம் மழை வந்ததும் அப்பளம் காயாமல் நாலு மாசம் வேலையே நின்றுபோயிருக்கிறது. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், கீழே அடுப்பு. இதை யாரும் மேடையில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டிலைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதைவிட முக்கியம் ஒன்று. அங்கே வீட்டில் உருட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்குச் சரக்கைக் கொடுக்கும்போதே கூலி. தினமும் கூலி தர வேண்டியிருப்பதால் விநியோகஸ்தருக்குக் கடன் கிடையாது, காசைக் கொடுத்துச் சரக்கை எடு. நாமும் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி தருகிறோம், ஆனால் கடைக்காரனுக்குச் சிரித்த முகத்தோடு ஐந்து மாசம் கடன் கொடுக்கிறோம். இடைவெளிக்கு நம் வளையல் போகிறது. "நாங்க தனி ஆளுங்க, எப்படிக் கறாராப் பேசறது?" என்று மால்ட்காரி கேட்டாள். ஆமாம், தனி ஆளால் முடியாது. அதற்குத்தான் ஆள் சேர்க்க வேண்டும், போட்டோ எடுக்க இல்லை.

இப்போது உன் விஷயம். முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே.

மாடிவீட்டு அக்காவைப் போன வாரம் பார்த்தேன். மாமா போனதிலிருந்து தையல் யூனிட் பூட்டித்தான் கிடக்கிறது. பவர் டேபிள் மிஷின் ஒவ்வொன்றும் அக்கா நகையில் வாங்கியது, ஆள் பிடித்தது, பீஸ் எண்ணியது, ராத்திரி செக்கிங் உட்கார்ந்தது எல்லாம் அக்கா. பேப்பரில் புரொப்ரைட்டர் மாமா. ஜிஎஸ்டி அவர் பேரில், கரண்ட் அக்கவுண்ட் அவர் பேரில். அவர் இறந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவிட்டது. வர வேண்டிய பாக்கி பெரிசு, அந்தக் கணக்குக்குத்தான் வரும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறார், கொழுந்தனார் வேறு பேச ஆரம்பித்திருக்கிறார். புதிதாகக் கடன் கேட்கப் போனால், "உங்க பேர்ல தொழில் பண்ணின ரெக்கார்டு ஒண்ணுமே இல்லையே அம்மா" என்கிறார்களாம். இத்தனை வருஷம் நடத்தியவரைப் பார்த்து! அக்கா அழவில்லை செல்வி. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லிவிட்டு, "காபி குடிக்கிறியா" என்று எழுந்து போனார்.

உன் யூனிட் யார் பேரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணன் தங்கம், நான் அவரைச் சொல்லவே இல்லை. மாடிவீட்டு மாமாவும் தங்கம்தான்.

இருக்கிற ஜாப் ஒர்க் அப்படியே அவர் பேரில் ஓடட்டும், சண்டை வேண்டாம். நீ சொந்தமாகப் போடுகிற நைட்டியை மட்டும் பிரித்து, உன் பேரில் தனி நிறுவனமாக வை. தனி கரண்ட் அக்கவுண்ட், தனி உத்யம். பதிவுக்குக் காசு கிடையாது, ஆதாரும் பான் கார்டும் போதும், ஏஜென்ட் ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டால் துரத்திவிடு. பங்குதாரர் நிறுவனமாக வைப்பதென்றால் உன் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையாமல் எழுது, அப்போதுதான் பெண் நிறுவனம் என்று கணக்கில் வரும். மத்திய அரசுத் துறைகள் வாங்குவதில் 3 சதவீதம் பெண்களின் குறு, சிறு நிறுவனங்களுக்கு என்று 2018இலிருந்து ஒதுக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் துணி தைக்கிற ஆர்டர் என்றைக்காவது வந்தால் அப்போது ஓடிப்போய்ப் பேப்பர் தேட முடியாது.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்கிற மானியக் கடன் திட்டம் பற்றிக் கேள். பெண்களுக்குத் திட்ட மதிப்பில் மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25. நம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே ஓடுகிற யூனிட்டுக்குப் புதுப் பெயர் பூசிக் கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே, பூதக்கண்ணாடி மாதிரி ஆட்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இவர் என்ன நினைப்பாரோ" என்று நீ இழுப்பாய் என்பதும் தெரியும். இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு. முட்டிவலிக்கு நான் அனுப்புகிற தைலத்தைப் பார்த்தாவது கோபப்படாமல் படிப்பார்.

"பாக்கி" குழுவில் உன்னைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். துணிக்காரர் யாரும் இல்லை என்று எல்லோருக்கும் குறை. சேருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பதில் எழுதும்போது ஜாப் ஒர்க்கில் நைட்டிக்குப் பீஸ் ரேட் என்ன வாங்குகிறாய், யாரிடம் எத்தனை நாளாக எவ்வளவு நிற்கிறது என்று எழுது. "ஏதோ ஓடுது" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ரூபாயில் எழுது.

உன்,
சரசு