கல்வி நிதிக்கு வயசு வரம்பு எதுக்கு அண்ணாச்சி?

மதிப்பிற்குரிய கல்வி அறக்கட்டளை தலைவர் அண்ணாச்சி, செயலாளர், பொருளாளர், கமிட்டி பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நேர்காணல்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், எதிர்ல உக்காந்திருந்தது நீங்கதான், அதனால முழுசா சொல்லப்போறதில்ல. ஓப்பன் யுனிவர்சிட்டில டிகிரி படிக்க ஃபீஸ் கேட்டு உங்ககிட்ட வந்த அந்த அக்கா, வெளிய வந்ததும் நேரா எங்க ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஃபைல கவுண்டர்ல வச்சு "தம்பி, ஒரிஜினல் எல்லாம் இருக்கான்னு பாரு, ஏதாச்சும் அங்கயே விட்டுட்டேனோ என்னமோ"ன்னாங்க, அவ்வளவுதான். மிச்சத்த டீ கொண்டுபோன பையன் சொன்னான். "பொண்ணுக்கு கேக்க வந்தியாம்மா"ன்னு ஒருத்தர், "பேரன் பேத்தி எடுக்குற வயசுல என்ன படிப்பு"ன்னு இன்னொருத்தர், அப்புறம் ரூம் முழுக்க சிரிப்பாம். சரி, சிரிச்சத கூட விட்டுருவோம். அப்ளிகேஷன் மேல சிவப்பு பேனாவுல 'வயது கூடுதல்'னு எழுதி குடுத்துவிட்டீங்களே, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

அந்த அப்ளிகேஷன நிரப்பிக் குடுத்தது நான்தான். வருஷா வருஷம் ஊர்ப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு நான்தான் நிரப்புறேன், அதனால உங்க படிவம் எனக்கு மனப்பாடம். முதல் பக்கத்துல 'கல்லூரி முதல்வர் கையொப்பம், முத்திரை'ன்னு இருக்கு. ஓப்பன் யுனிவர்சிட்டில படிக்கிறவங்களுக்கு ஏது முதல்வர்? ஸ்டடி சென்டர் இருக்கு, அதுவும் சனி ஞாயிறுதான் திறப்பாங்க. அந்த அக்கா ஜாக்கெட் தைக்கிறவங்க, முகூர்த்த மாசத்துல சனிக்கிழமை மிஷினை விட்டு எந்திரிச்சா அந்த வாரத்து வருமானமே போச்சு, ஆனாலும் போயி நின்னு சீல் வாங்கிட்டு வந்தாங்க. இ-சேவைல வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக், மார்க்‌ஷீட், எல்லாம் வச்சாச்சு.

அதுக்கப்புறம் வந்துச்சு அந்தக் கட்டம். 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்'. கீழ பொடி எழுத்துல 'கையொப்பம் இல்லாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்'னு போட்டிருக்கு. அவங்களுக்கு வயசு 41. அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்ல, வீட்டுக்காரர் கொரோனா சமயத்துல போய்ட்டாரு. ஆபீஸுக்கு போன் போட்டு கேட்டா "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போடச் சொல்லுங்க"ன்னு வச்சுட்டாங்க. கடைசில அவங்க மகன் வந்தான், ஐடிஐ படிக்கிற பையன், அம்மாவுக்கு பாதுகாவலர்னு கையெழுத்து போட்டான். பக்கத்துல 'விண்ணப்பதாரருக்கு உறவுமுறை'ன்னு இருந்த இடத்துல அவன் 'மகன்'னு எழுதுறத நான் பாத்துக்கிட்டே நின்னேன், நீங்களும் அந்தப் பக்கத்த ஒருதடவ நிதானமா பாத்திருந்தா சிரிப்பு வந்திருக்காதுன்னு நம்புறேன். அந்தப் பையனுக்கும் உங்க நிதி கிடையாது, அது வேற கதை. ஐடிஐங்கறது உங்க படிவத்துலயே இல்ல, டிகிரி படிப்பு மட்டும்தான். ஆக ஒரே வீட்டுல படிக்கிறது ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் உங்ககிட்ட இடம் இல்ல.

என் கோரிக்கை இதுதான் அண்ணாச்சி. விதிமுறைல '25 வயதுக்கு உட்பட்டோர்'ங்கற வரிய எடுங்க. 'ரெகுலர் கல்லூரி மாணவர்கள் மட்டும்'ங்கற வரியையும் எடுங்க.

"இந்த வயசுல படிச்சு என்ன வேலை கிடைக்கப்போகுது"ன்னு கமிட்டில கேட்டீங்களாம். நியாயமான கேள்விதான், பதில் சொல்றேன். டிஎன்பிஎஸ்சி குரூப் டூ நோட்டிஃபிகேஷனை எடுத்துப் பாருங்க, தினமும் என் கடைல நாலு பேராச்சும் பிரிண்ட் எடுக்குறாங்க. எஸ்சி, எஸ்டி, எம்பிசி, பிசி, அப்புறம் எந்த சாதியா இருந்தாலும் ஆதரவற்ற விதவை, இவங்களுக்கெல்லாம் பெரும்பாலான பதவிக்கு மேல் வயசு வரம்பே கிடையாது. கேக்குறது டிகிரி. அரசாங்கமே வேலைக்கு வான்னு கூப்பிடுற வயசுல, படிக்காதன்னு சொல்றது நீங்க மட்டும்தான். அப்புறம் "கரஸ் டிகிரி எல்லாம் டிகிரியா"ன்னு பொருளாளர் கேட்டாராம். முறையா அங்கீகாரம் வாங்குன தொலைதூரக் கல்வி டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம்னு, யுனிவர்சிட்டிங்களுக்கு விதி போடுற யுஜிசி 2022லயே தெளிவா சொல்லிட்டாங்க. தமிழ்நாட்டுல இன்னொரு சங்கதி இருக்கு, பத்தாவது பிளஸ் டூ முடிக்காம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டில வாங்குற டிகிரி அரசு வேலைக்கு செல்லாது. அது தெரிஞ்சுதான் அந்த அக்கா முதல்ல பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ, ரெண்டையும் தனித்தேர்வரா எழுதி பாஸ் பண்ணிட்டு டிகிரில சேந்தாங்க. இவ்வளவு யோசிச்சு படிக்கிற ஒருத்தர பாத்துதான் "பொழுதுபோகலையா"ன்னு கேட்டிருக்கீங்க.

அரசாங்கத் திட்டம் இருக்கே, அங்க போகட்டும்னு சொல்லாதீங்க. 2022ல வந்த புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா குடுக்குறாங்க, நல்ல திட்டம், எங்க தெருவுலயே மூணு பிள்ளைங்க வாங்குது. ஆனா தொலைதூரக் கல்வில படிக்கிறவங்களுக்கு அது கிடையாது. பேங்க் லோன் கேட்டா நிரந்தர வருமானம் எங்கங்கறான். அங்கயும் இல்ல இங்கயும் இல்லன்னு நிக்கிறவங்களுக்குத்தானே ஊர்க்காரங்க சேந்து ஒரு நிதின்னு வச்சது? முதல் குரூப்ல படிச்சு 95 பர்சென்ட் எடுத்த பிள்ளைக்கு யார் யாரோ வந்து குடுக்குறாங்க, நாமளும் போயி அதே பிள்ளைக்கே சால்வை போடணுமா?

இந்த நிதி எப்படி வந்துச்சுன்னு என்னைவிட உங்களுக்கு நல்லா தெரியும். மூட்டைக்கு இவ்வளவுன்னு கடைக்காரங்க குடுத்த மகமை, அதோட வீட்டுப் பொம்பளைங்க போட்ட பிடி அரிசி. விருதுநகர்ல காமராஜர் படிச்ச க்ஷத்ரிய வித்யாசாலாவும் அப்படி பிடி அரிசில நடந்த பள்ளிக்கூடம்தானே, அதப் பாத்துத்தான் நம்ம ஊர்லயும் ஆரம்பிச்சதா எங்க தாத்தா சொல்வாரு. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடிய தனியா கலயத்துல போட்டு வச்சது யாரு? பள்ளிக்கூட வாசல மிதிக்காத பொம்பளைங்க. அவங்க பேத்தி ஒருத்தி இன்னைக்கு வந்து கேட்டா வயசு கூடுதலாம். ஆபீஸ்ல பெருசா காமராஜர் படம் மாட்டி மாலை போட்டிருக்கீங்க, அந்த மனுஷன் ஆறாவதோட படிப்ப விட்டவரு. நாப்பது வயசுல மிச்சத்த படிக்கிறேன்னு அவரே வந்து நின்னிருந்தாலும் சிவப்பு பேனாவத்தான் எடுத்திருப்பீங்க!

இதோட நிறுத்தணும்னுதான் நெனச்சேன், ஆனா விழாவப் பத்தி சொல்லாம இருக்க முடியல. ஒவ்வொரு வருஷமும் மண்டபத்துல நிதி வழங்கும் விழா, பஸ் ஸ்டாண்ட்ல இருந்து மண்டபம் வரைக்கும் ஃப்ளெக்ஸ், அதுல கமிட்டி மெம்பர் எல்லாரு முகமும் இருக்கும், படிக்கிற பிள்ளை முகம் மட்டும் இருக்காது. காலைல ஒம்போது மணிக்கு வரச்சொல்லி சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் பிள்ளைங்கள உக்கார வச்சு, மதியத்துக்கு மேல செக் குடுத்து, போட்டோகிராபருக்காக அதே செக்க திருப்பி வாங்கி மறுபடியும் குடுத்து, கூட வந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. பணத்த அக்கவுன்ட்ல போட்டா ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் போட்டோ எப்படி எடுக்குறதுங்கறீங்களா, அதுவும் சரிதான். "நிதி பத்தாது, அதான் வயசு வரம்பு"ன்னு செயலாளர் சொன்னதா கேள்விப்பட்டேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை என் கடைக்கு பக்கத்து கடைதான் அண்ணாச்சி, பில்லு எவ்வளவுன்னு எனக்கும் தெரியும். அந்த அக்கா கேட்டது ஒரு வருஷ ஃபீஸ், அது அந்த பில்லுல கால்வாசி கூட வராது.

கேரளால கார்த்தியாயனி அம்மான்னு ஒரு பாட்டி 96 வயசுல எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூத்துக்கு 98 வாங்குனாங்க, 2018ல. அந்த அரசாங்கம் முதல்ல அவங்கள பரீட்சை ஹாலுக்குள்ள விட்டுச்சு, அதனாலதான் வாங்க முடிஞ்சுது. நம்ம ஊர்ல 41க்கே கதவ சாத்துறோம்.

கோபத்துல ரெண்டு வார்த்தை கூடப் போயிருந்தா பெரியவங்க பொறுத்துக்கணும். நீங்க செய்யிறது எதுவுமே நல்லதில்லன்னு நான் சொல்ல வரல, இந்த நிதில படிச்சு டாக்டரானவங்க, வாத்தியாரானவங்க ஊருக்குள்ள இருக்காங்க, மறுக்க முடியாது. தாழ்மையா கேக்குறது இவ்வளவுதான்: வர்ற மகாசபைல இத அஜெண்டால வைங்க. வயசு வரம்ப எடுக்கணும், தொலைதூரக் கல்வி, ஐடிஐ, பாலிடெக்னிக், தனித்தேர்வரா பத்தாவது பிளஸ் டூ எழுதுறவங்க எல்லாரையும் சேத்துக்கணும், 18 வயசு தாண்டினவங்க அவங்களே கையெழுத்து போட்டா போதும்னு மாத்தணும். மகமை கட்டுறவங்க நெறைய பேரு இதுக்கு கை தூக்க தயாரா இருக்காங்க, நான் பேசிட்டேன். அந்த அக்காவுக்கு அடுத்த ஃபீஸ் கட்ட இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு, மகாசபை அதுக்குள்ள வராதுன்னா தலைவர் அண்ணாச்சி தன்னோட அதிகாரத்துல ஒரு தடவை விதிவிலக்கு குடுக்கலாம், அறக்கட்டளை விதிப் புத்தகத்துல (பைலா) அதுக்கு இடம் இருக்கு, பக்கம் 7ல பாருங்க.

புதுப் படிவத்த நானே டைப் பண்ணி வச்சிருக்கேன். எத்தன காப்பி வேணும்னு சொல்லி அனுப்புங்க, காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வருஷம் தவறாம மகமை கட்டுற ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்