கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி வாங்குவோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், நான்கு கோர் (கணக்குப் போடும் தனித்தனி பகுதி) கொண்ட ப்ராசஸரைவிட எட்டு கோர் ப்ராசஸர் இரண்டு மடங்கு வேகம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை அப்படியே நம்பி நிறையப் பேர் காசைக் கொட்டுவார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு கோர் இருந்தால் எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும், அவ்வளவுதான். அதில் ஒவ்வொரு வேலையும் முன்பைவிடச் சீக்கிரம் முடியும் என்று அர்த்தம் இல்லை. ஒரே வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா கோருக்கும் கொடுக்க வேண்டும், அது பெரும்பாலும் மென்பொருளை எழுதியவர் கையில் இருக்கிறது, அவரே நினைத்தாலும் சில வேலைகளைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் முதல் கணக்கின் விடை வந்தால்தான் அடுத்த கணக்கைத் தொடங்கவே முடியும்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967லேயே எழுப்பிய பிரச்சினை இது. அவர் பெயரில் வழங்கும் விதிப்படி, ஒரு வேலையில் பாதியைத்தான் பிரிக்க முடியும் என்றால் நான்கு கோரில் 1.6 மடங்கு வேகம் கிடைக்கும், எட்டில் 1.78, பதினாறில் 1.88. ஆயிரம் கோர் வைத்தாலும் 2 மடங்கைத் தொடாது. 95 சதவீதம் பிரிக்க முடிந்த வேலைக்கே 20 மடங்குதான் உச்சம்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஏதாவது ஒரு மென்பொருள் திணறிக்கொண்டு நிற்கும்போது விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எட்டு கோர் கணினியில், ஒரு கோர் ஒரு நேரத்தில் ஒரே வேலையை மட்டும் ஓட்டும் வகையாக இருந்தால், சிபியு (ப்ராசஸர்) பயன்பாடு பல நேரம் 12, 13 சதவீதத்தில்தான் நிற்கும். 100ஐ எட்டால் வகுத்தால் வருவது அதுதான், அதாவது ஒரே ஒரு கோர் முழு மூச்சில் ஓடுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. (விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால் எல்லா வரைபடமும் கொஞ்சம் கொஞ்சம் ஆடும், அதைப் பார்த்து எல்லா கோரும் உழைக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.) அந்த இடத்தில் இன்னும் எட்டு கோர் சேர்த்தால் சதவீதம்தான் ஆறாகக் குறையும், காத்திருக்கும் நேரம் குறையாது.

அப்புறம் ஏன் கோர் ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்கலாம். இன்டெல்லின் பெண்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகத்தோடு நின்றுபோனது, 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பை இன்டெல் 2004ல் கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்றச் சூடும் மின்சாரச் செலவும் கட்டுக்கடங்காமல் போயின. அடுத்த ஆண்டே இன்டெல், ஏஎம்டி இரண்டும் வீட்டுக் கணினிக்கு இரட்டை கோர் சிப்பைக் கொண்டுவந்தன. இப்போது கோர்களும் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. 2021ல் வந்த கோர் ஐ9-12900கே சிப்பில் 16 கோர் என்று போட்டிருக்கும், அதில் 8 வேகமான பெரியவை, 8 மின்சாரத்தைச் சேமிக்கும் சிறியவை. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச கிகாஹெர்ட்ஸும் பொதுவாக ஒன்றிரண்டு கோர் மட்டும் ஓடும்போது கிடைப்பதுதான், எல்லாம் சேர்ந்து ஓடினால் குறைந்துவிடும்.

கூடுதல் கோர் வீண் என்று நான் சொல்லவரவில்லை. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுபவர்கள், முப்பரிமாண ரெண்டரிங் செய்பவர்கள், பெரிய நிரல்களை கம்பைல் செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம், கொடுத்த காசுக்குப் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கடிதம் தட்டச்சு செய்து, பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைத்திருப்பவருக்கு ரேம் போதாமல் இருந்தாலோ, விண்டோஸ் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தாலோ, முப்பத்திரண்டு கோர் வைத்தாலும் அந்தத் தாமதம் போகாது. அதே காசில் முதல் பிரச்சினைக்கு ரேமைக் கூட்டினால், இரண்டாவதற்கு ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டால் போய்விடும்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது கோர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஒற்றை கோர் சோதனையில் ஒவ்வொரு சிப்பும் எடுத்த மதிப்பெண்ணையும், எந்த வேலைக்கு எந்த சிப் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்