வாப்பாவின் கண்ணாடித் தட்டுகள்: நம் ஜமாஅத் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஜமாஅத் தலைவர், செயலாளர், பொருளாளர், கட்டடக் குழுவினர் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போய்விட்டு வரும் வழியில், பாலத்துக்குப் பக்கத்து ஆக்கர் கடையில், என் தகப்பனார், ஸ்டூடியோ வைத்திருந்த வாப்பா, நம் பழைய பள்ளிவாசலை எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளுக்கும் பழைய மின்விசிறி இறக்கைகளுக்கும் மேலே சாய்த்து வைத்திருந்தார்கள். தேக்குச் சட்டம். கண்ணாடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. படத்தின் வலது கீழ் ஓரத்தில் வாப்பாவின் ஸ்டூடியோ முத்திரை. மை இல்லாமல் அழுத்திப் பதித்தது. விரலால் தடவினால் இன்றைக்கும் எழுத்து தட்டுப்படுகிறது. கடைக்காரர் சட்டத்துக்குத்தான் விலை சொன்னார். "படம் வேண்டாம்னா கழத்திப் போட்டுர்றேம்மா" என்றார். 350 ரூபாய் கொடுத்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளியின் முன்வராந்தாவில் நாற்பது வருடம் தொங்கிய படம் ஆக்கர் கடைக்கு எப்படிப் போனது என்று நான் விசாரணை வைக்கப்போவதில்லை. புதுப் பள்ளி கட்டுவதற்காகப் பழைய பள்ளியை இடித்த அந்தப் பத்து நாளில் என்னென்ன வெளியே போனது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. 1991இல், தான் மௌத்தாவதற்கு மூன்று மாதம் முன்னால், வாப்பா பள்ளியின் அப்போதைய நிர்வாகியான முத்தவல்லியிடம் தன் கையால் ஒப்படைத்த மரப்பெட்டி இன்னும் உங்கள் அலுவலக அறையில் இருக்கிறது. அதில் 62 கண்ணாடி நெகட்டிவ்கள் இருக்கின்றன. அந்தப் பெட்டியைத் திறங்கள். நகல் எடுக்க விடுங்கள்.

நான் வாங்கி வந்த படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உங்களில் வயதில் இளையவர்கள் அந்தக் கட்டடத்தைக் கூர்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். 1962 ரமலானில், அஸர் என்ற மாலைத் தொழுகைக்கும் நோன்பு திறப்பதற்கும் நடுவில் எடுத்த படம் அது. உள்பள்ளியில் வெளிச்சம் போதாது. அதனால் லென்ஸை நான்கு நிமிடம் திறந்து வைத்திருந்ததாக வாப்பா சொல்லுவார்கள். நான்கு நிமிடத்தில் நடந்து போனவர்கள் எவருமே தட்டில் பதிய மாட்டார்கள். கஞ்சி வாளி தூக்கிப் போனவர், பாய் விரித்தவர், ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் கரைந்துவிட்டார்கள். தூணில் சாய்ந்து தஸ்பீஹ் மணிமாலை உருட்டிக்கொண்டிருந்த, பாங்கு சொல்லும் மோதினார் ஒருவர்தான் அசையாமல் இருந்திருக்கிறார். அவர் மட்டும் பதிந்திருக்கிறார். அவருடைய வலது கை விரல்கள் மட்டும் புகைபோலக் கலங்கித் தெரிகின்றன. அது தஸ்பீஹ் மணி நகர்ந்த கலக்கம்.

அவர் சாய்ந்திருக்கும் தூணையும் பாருங்கள். அடியில் சதுரம், அதன் மேல் எண்பட்டை, அதற்கும் மேல் பதினாறு பட்டை, பிறகு மறுபடியும் சதுரம். உச்சியில் போதிகை, போதிகையிலிருந்து தொங்கும் பூமொட்டு. பொருநைக் கரையில் கோயில் மண்டபம் கட்டிய அதே கல்தச்சு மரபின் கைதான் நம் பள்ளியையும் கட்டியிருக்கிறது. யாளியும் இல்லை, பாவையும் இல்லை. அவை இருந்திருக்க வேண்டிய இடத்தில் தாமரையும் கொடியும் கட்டங்களும். உருவம் செதுக்கியே பழகிய உளி, நமக்காகத் தன் பழக்கத்தை விட்டுக்கொடுத்து வேலை செய்திருக்கிறது. தட்டையான கல்கூரை. கும்பம் என்கிற குவிமாடம் கிடையாது, உயர்ந்த மினாராவும் கிடையாது. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளுக்குப் போனவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். பொட்டல்புதூர் தர்காவுக்கு முதல் தடவை போகிறவர் கோயில் வாசலில் நிற்கிறோமோ என்று ஒரு கணம் மலைப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது அந்தத் தூண்களில் ஏழு ஆற்றுப் படித்துறைப் பக்கம் படுத்துக் கிடக்கின்றன. மீதி அஸ்திவாரத்துக்குள் போய்விட்டதாகக் கேள்வி. போனது போகட்டும். படமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் யாரும் இதை யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வந்ததில்லை. எனக்கு 64 வயது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்து, இங்கேயே இருக்கிறேன். அந்த உள்பள்ளிக்குள் ஒரு தடவைகூட நான் கால் வைத்ததில்லை. பெண்கள் நாங்கள் தைக்காவில் தொழுகிறோம். அது ஊர் வழக்கம், அதைப் பற்றி நான் இங்கே வழக்காட வரவில்லை. ஆனால் இமாம் நிற்கும் மிஹ்ராபின் வளைவு எப்படி இருக்கும், பிரசங்க மேடையான மிம்பர் எத்தனை படி, கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் கொண்டுவந்து மாட்டிய குளோப்பு விளக்குகள் எந்த வரிசையில் தொங்கின என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருட்டறையில், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், வாப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நின்று, டெவலப்பர் தட்டுக்குள் அந்தப் பள்ளி மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்த்தவள் நான். ஆண்கள் உங்களுக்கு அந்தக் கட்டடம் வாழ்ந்த நினைவாக இருக்கும். எனக்கும் உம்மாவுக்கும் என் ராத்தாமாருக்கும் அந்தப் பள்ளி படத்தில்தான் இருந்தது. கட்டடத்தை இடித்தீர்கள். எங்களிடம் கேட்கவில்லை. படத்தையும் தரமாட்டோம் என்றால் எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இதுவரை ஐந்து தடவை கேட்டுவிட்டேன். நான் உள்ளே வர முடியாது என்பதால் கிழக்கு வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, தம்பி மகனை உள்ளே அனுப்புவேன். அவன் திரும்பி வந்து ஒரே பதிலைத்தான் சொல்லுவான்: "கூட்டத்துல வச்சுப் பேசுவாங்களாம் மாமி." மூன்றாவது தடவை நிர்வாகிகளில் ஒருவரே வெளியே வந்தார். "ராத்தா, போயிட்டு வாங்க, பாத்துக்கிடுவோம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால் இரண்டரை வருடமாக எந்தக் கூட்டத்திலும் இது பேசப்படவில்லை. கும்பத்துக்கு எந்தப் பச்சை நிறம் என்று இரண்டு கூட்டம் நடந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று நினைப்பீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி நம் தெருவுக்குள் வந்தது. பள்ளி அலுவலகத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. பெட்டி அப்போது தரையில் இருந்ததா, பெஞ்சின் மேல் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டில் படம் நிற்பது ஜெலட்டின் பூச்சில். ஈரம் ஏறினால் அது ஊறி, பால் ஆடைபோல எழும்பி, சுற்றியிருக்கும் காகித உறையோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பலம்போட்டுப் பிரித்தால் காகிதத்தோடு படமும் உரிந்து வந்துவிடும். ஓரத்திலிருந்து வெள்ளிப் பூச்சுபோல ஒரு மினுக்கமும் ஏறும். ஒரு மழைக்காலம் தாண்டத் தாண்ட அது உள்ளே பரவும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்து காற்றாட வைத்தீர்களா? 62இல் எத்தனை உயிரோடு இருக்கின்றன? இதைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூடவா எனக்கு இல்லை?

சரி. உங்களில் சிலர் வெளியே சொல்கிற காரணத்துக்கும் வருகிறேன். "படம் ஹராம், அதைப் பள்ளியில் வைத்ததே தப்பு" என்கிறார்கள். நான் மார்க்கம் படித்த ஆலிமா அல்ல, ஃபத்வா சொல்ல வரவில்லை. நடந்த வரலாற்றை மட்டும் சொல்கிறேன். முஹம்மது சாதிக் பே என்பவர் எகிப்து ராணுவத்தில் பொறியாளராக இருந்தவர். அவர்தான் 1861இல் மதீனாவையும், 1880இல் மக்காவில் கஅபா இருக்கும் பள்ளியான ஹரம் ஷரீஃபையும் படம் எடுத்தார். அங்கிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புகைப்படங்கள் அவருடையவை. அவருக்குப் பின்னால் மக்காவிலேயே வாழ்ந்த அப்துல் கஃப்பார் என்ற மருத்துவர் ஹரமையும் ஹாஜிகளையும் எடுத்தார். கஅபாவைச் சுற்றி நான்கு மத்ஹபுக்கும், அதாவது நான்கு சட்டப் பிரிவுக்கும், தனித்தனியே இருந்த மகாம் என்ற தொழுகை மண்டபங்கள் இன்று இல்லை. மதீனாவின் அடக்கத்தலமான ஜன்னத்துல் பகீயின் கும்பங்களை 1925, 26இல் இடித்தார்கள். மக்காவின் அஜ்யாத் கோட்டை 2002இல் போனது. இவையெல்லாம் எப்படி இருந்தன என்று இன்றைக்கு நம் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால், அன்றைக்கு எடுத்த படங்களால்தான். 1941இல் மக்காவில் வெள்ளம் வந்து கஅபாவைச் சுற்றி வரும் மதாஃபில் தண்ணீர் நின்ற படம் உங்கள் கைப்பேசியிலும் இருக்கும். அதை எனக்கு அனுப்பியதே உங்களில் ஒருவர்தான். அந்த வெள்ளத்தின் படத்தைப் பார்த்து சுப்ஹானல்லாஹ் சொல்லுகிறோம். நம் ஊர் வெள்ளத்தில் நனைந்த படத்தை எடுத்து வெயில் காட்ட மனம் வரவில்லை.

அந்தப் பெட்டியில் யாரையும் வணங்குவதற்கான படம் ஒன்றுகூடக் கிடையாது. கல், விளக்கு, ஒளுச் செய்யும் ஹவுளின் படிக்கட்டு, கபுர்களின் மீஸான் கற்களில் வெட்டிய அரபு எழுத்து, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளின் பக்கங்கள், பெருநாள் தொழுகைக்குத் திடலில் நிற்கும் வரிசை. அப்புறம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களை ரயிலடியில் வழியனுப்பும் படங்கள் நான்கைந்து. பம்பாய்க்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் ஜித்தா போன காலம் அது. அந்தக் கப்பல் பயணமே 1995இல் நின்றுபோனது. மாலையும் தகரப் பெட்டியுமாக நிற்கும் அந்த முகங்களில் உங்கள் பாட்டனார்கள் இருக்கிறார்கள். இப்போதைய பொருளாளர் அவர்களின் பாட்டியார், அந்த வாப்பும்மா, ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் ஹஜ்ஜிலிருந்து திரும்பவில்லை. அவர்களுக்கு வேறு படம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தின் பழமை என்றால் ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை என்கிறார்கள், நல்லது, பெருமைதான். ஆனால் அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய காயல் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி எழுநூறு வருடம் ஆகிறது. அந்தக் கடல் வழியில் வந்தவர்களும் இந்த மண்ணில் இருந்தவர்களும் கலந்து கட்டியெழுப்பிய பள்ளிவாசல்களை எத்தனை பேர் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்? பாடப்புத்தகத்தில் இஸ்லாமியக் கட்டடக் கலை என்றால் தாஜ்மஹாலும் குதுப்மினாரும்தான். என் பேத்தியிடம் பள்ளிவாசல் வரையச் சொன்னால் ஒரு கும்பமும் இரண்டு மினாராவும் போட்டுப் பச்சை அடிக்கிறாள். அவள் பாட்டன் தொழுத பள்ளி அப்படி இருக்கவில்லை. அதை அவளுக்குக் காட்ட என்னிடம் மூலை உடைந்த ஒரே ஒரு சட்டம்தான் இருக்கிறது. அந்நியர்கள் நம்மைப் பார்த்து "நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்று சொல்லும்போது கொதிக்கிறோம். நாம் இந்த மண்ணுக்காரர்கள் என்பதற்குச் சாட்சி சொல்லும் கல்லை நாமே பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்தக் கல்லின் படத்தையும் பூட்டி வைக்கிறோம்.

கோபத்தில் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. மன்னியுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்.

பெட்டியை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. "பள்ளிப் படம் பள்ளியில இருக்கட்டும்" என்றுதான் வாப்பா கொடுத்தார்கள், அது அமானத், நம்பி ஒப்படைத்த பொருள். அமானத்தைப் பூட்டி வைத்தால் போதாது, கெடாமல் பார்ப்பதும் கடமை என்று மிம்பரில் நின்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். மூன்று நாள் மட்டும் பெட்டியை வெளியே தாருங்கள். பழைய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றிப் பழகிய பிள்ளை ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து வரச் சம்மதித்திருக்கிறார். தைக்காவின் பக்க அறையிலேயே வைத்து வேலையை முடித்துவிடலாம். நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் கூடவே உட்கார்ந்து கொள்ளட்டும். செலவு முழுவதும் என்னுடையது. நகலில் ஒரு தொகுப்பு பள்ளிக்கு, ஒன்று தைக்காவுக்கு. மூல நெகட்டிவ்கள் 62ம் எண்ணி, கையெழுத்துப் போட்டு, உங்களிடமே திரும்ப வந்துவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வழக்கம்போல கிழக்கு வாசல் கேட்டில் நிற்பேன். இந்தத் தடவை தம்பி மகனிடம் பதில் சொல்லி அனுப்ப வேண்டாம். பெட்டியையே கொடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து படுக்கப் போட்டுத் தூக்க வேண்டாம். தட்டுகள் நிமிர்ந்து நின்றபடியே இருக்கவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தால் அடியில் இருப்பது விரிசல் விட்டுவிடும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விரித்து வைக்க வெள்ளைப் பருத்தித் துணி நான் கொண்டு வருகிறேன்.

வஸ்ஸலாம்.

ஸ்டூடியோக்காரர் மகள்