ஒரு மூட்டைக்கு 30 லிட்டர்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

திருச்சிராப்பள்ளி

எங்கள் பொறியாளர் சங்கக் கிளையின் உறுப்பினர்களுக்கும், உறுப்பினராக இல்லாமலே இந்த இரண்டு ஆண்டுகளும் எங்களோடு நின்றவர்களுக்கும் அன்பான வணக்கம்.

இந்த மாதத்தோடு கிளைச் செயலாளர் பொறுப்பைப் புதியவரிடம் ஒப்படைக்கிறேன். வழக்கமாக இந்தச் சமயத்தில் ஆண்டறிக்கை ஒன்று வரும். எத்தனை கூட்டம், யார் தலைமை, யார் சிறப்புரை, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பொதுக்குழுவில் வைக்கிறேன். அந்த அறிக்கைக்குள் அடங்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

கான்கிரீட்டுக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுவது பற்றிக் கொத்தனார்களுக்கு நடத்திய பயிற்சியை முதலில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் செய்த வேலைகளில் என் மனதுக்கு நெருக்கமானது அதுதான்.

முதல் வகுப்பை நாங்கள் சரியாகத் திட்டமிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் பிடித்து, திரை கட்டி, படம் போட்டு விளக்கினோம். வந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. டீ குடிக்க எழுந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. கடைசிவரை இருந்த ஒரு மேஸ்திரி, போகும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "சார், சனிக்கிழமை கூலி வாங்கிட்டு ஞாயிறு ஒருநாள்தான் வீட்ல இருக்கோம். அதையும் விட்டுட்டு வந்தா நாற்காலியில உட்கார வெச்சுட்டீங்க. கலவையத் தொட்டுப் பேசலாம், சைட்டுக்கு வாங்க." மேஸ்திரி அண்ணே, அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கிளம்பியிருந்தால் நாங்களும் இரண்டாவது வகுப்பை அதே மண்டபத்தில் அதேபோல நடத்திவிட்டு, ஆட்கள் வருவதில்லை என்று குறிப்பெழுதி முடித்திருப்போம். உங்களுக்குத்தான் என் முதல் நன்றி.

அப்புறம் வேலை நாளிலேயே, வேலை நடக்கும் இடத்திலேயே வகுப்பு என்று மாற்றினோம். திருவெறும்பூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தங்கள் மனையின் ஓரத்தை எங்களுக்கு ஒதுக்கித் தந்தது. சொந்த வீட்டு வேலை அரை நாள் நின்றாலும் பரவாயில்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வந்தவர்கள் அனைவருக்கும் அரை நாள் கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்தவர் ஒரு சிமெண்ட் கடைக்காரர். தன் கடையின் பேனரைக்கூட அங்கே கட்ட மறுத்துவிட்டார்.

நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போன விஷயம் எளிதானதுதான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, எம்20 தரக் கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் தண்ணீர் என்று வரம்பு வைக்கிறது. மணலிலும் ஜல்லியிலும் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் அந்த 30க்குள்தான் கணக்கிட வேண்டும். சிமெண்ட் இறுகத் தேவையானது போக மிஞ்சும் தண்ணீர் பின்னால் வெளியேறி, உள்ளே நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. பலம் குறைவது அங்கேதான். கம்பியில் துரு ஏறவும் அதுவே வழி திறக்கிறது. இதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் அளந்து கலந்த கலவையைப் பாண்டுவில், அதாவது சுமக்கும் சட்டியில், தூக்கிப் பார்த்ததும், அங்கிருந்த சித்தாள் அக்கா ஒருவர், "இது பாண்டுவை விட்டு இறங்காதுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு மணிநேரம் போனது. கீழே கலந்த கலவை கைமாறிக் கைமாறி இரண்டாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் இறுக ஆரம்பித்துவிடுகிறது. பாண்டுவில் ஒட்டிக்கொள்ளும் கலவையைத் தட்டித் தட்டிக் கொட்டுவதில் தோளும் மணிக்கட்டும் விட்டுப்போகின்றன. அதனால்தான் கூட ஒரு குடம் ஊற்றச் சொல்கிறார்கள். கவனக்குறைவு, அறியாமை என்று இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எழுதிவந்ததற்குப் பின்னால் ஒரு உடம்பின் வலி இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. முப்பது வருடத் தொழிலில் நான் எத்தனையோ தளங்களில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் அவர்களிடம் கேட்டதில்லை.

வழியையும் அவர்களே சொன்னார்கள். கலவையைச் சின்னச் சின்னதாகப் போடலாம், ஆள் வரிசையை இரண்டாகப் பிரிக்கலாம், ஜல்லியை முன்னதாகவே நனைத்து வைத்தால் கலவைத் தண்ணீரை அது குடிக்காது, வெறும் தரையில் கலக்காமல் தகடு விரித்துக் கலந்தால் தரையும் உறிஞ்சாது. எல்லாமே புத்தகத்தோடு ஒத்துப்போகிற யோசனைகள். கூடவே கான்கிரீட்டை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் ஒன்று கிடைத்ததும் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. அதை வாடகை வாங்காமல் மூன்று முறை அனுப்பிவைத்த தம்பிக்கும், அன்று பேசிய அக்காக்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

அன்று இரண்டு வகைக் கலவையிலும் 15 செ.மீ. கனசதுரங்கள் வார்த்தோம். ஒன்று அளந்து ஊற்றியது, மற்றது வழக்கம்போலக் கண்ணளவில் ஊற்றியது. மறுநாள் அச்சைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் 28 நாள் வைத்தோம். நசுக்கிப் பார்க்க ஒரு கல்லூரி ஆய்வகம் இடம் தந்தது. விடுமுறை நாள் என்றும் பாராமல் வந்து கதவைத் திறந்துவைத்த ஆய்வக உதவியாளருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். எந்திரத்தை மேஸ்திரிகளையே இயக்கச் சொன்னார். அழுத்தம் காட்டும் முள்ளை அவர்களே பார்த்துப் படித்தார்கள். கண்ணளவுக் கலவை நொறுங்கிய இடத்தையும் தாண்டி, அளந்து ஊற்றியதன் முள் ஏறிக்கொண்டே போனபோது அந்த அறையில் யாரும் பேசவில்லை. வெளியே வந்ததும் ஒருவர் அளவு போட்ட வாளி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். இப்போது அவருடைய ஆட்கள் எல்லாரும் வாளியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

கம்பி கட்டும் இரண்டு சகோதரர்களையும் இங்கே நினைக்கிறேன். சன்ஷேடில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால் வரைபடம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. இதை வெறும் கம்பியில் நின்று, மிதித்து, அமிழ்வதைக் காட்டி விளக்கினார்கள். கம்பிக்கு ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்காமல், அடியில் இடைவெளி காக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்க வேண்டும் என்பதையும் எங்களைவிட அவர்கள் சொன்னபோதுதான் மற்றவர்கள் காதில் ஏறியது.

அந்தத் திருவெறும்பூர் வீட்டுத் தளம் போட்டபின், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் பொறுப்பைக் காவலுக்கு இருந்த அம்மா எடுத்துக்கொண்டார். சாம்பல் போன்றவை சேர்த்த கலவைச் சிமெண்ட் வகைக்கு, நம் ஊர் வெயிலில், குறைந்தது 10 நாள் ஈரம் காய விடக்கூடாது, 14 நாள் வைத்தால் நல்லது என்று சொல்லியிருந்தோம். அவர் 14 நாளும் விடியற்காலையில் பேரனிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினார். ஒருநாள்கூடப் பாத்தி வற்றிய படம் வரவில்லை. அந்த 14 படங்களும் என் கைப்பேசியில் இன்னும் இருக்கின்றன.

கோடையில் மாணவர்களோடு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போய்வந்தோம். இந்த முறை மேஸ்திரிகள் சிலரும் உடன் வந்தார்கள். கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் சரிவாகவும் இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மேடிட்டு, டெல்டா வறண்டுகொண்டிருந்த காலத்தில், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அடித்தளம் நிறுத்துவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பின்னால் கோதாவரியில் தவளேசுவரத்தில் அணை கட்டியபோதும் அந்தப் பாடம்தான் கைகொடுத்தது. இதைக் கல்லணையின் மேல் நின்றுகொண்டே சொல்லக் கேட்டது எங்கள் பேறு. அதைச் சொன்ன ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஐயா, எண்பது வயதிலும் வெயிலில் தொப்பிகூட இல்லாமல் எங்களோடு நடந்தார்.

முக்கொம்பில் பேசியவர், அணை ஷட்டர்களை இயக்கும் ஊழியரான லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது, மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 ஷட்டர்களில் 9 அடித்துச் செல்லப்பட்டதை நம் ஊரில் மறந்தவர் யாரும் இல்லை. அருகிலேயே இப்போது புதிய கதவணை எழுந்துவிட்டது. மாணவர்கள் அந்த இரவைப் பற்றித்தான் கேட்டார்கள். அவர் அதைவிட அதிக நேரம் சாதாரண நாட்களைப் பற்றிப் பேசினார். ஷட்டர்களை ஒரே பக்கமாகத் திறந்தால் தண்ணீர் ஒரு கரையை அறுக்கும், அதனால் இரு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும் என்றார். நடைபாலத்தில் நிற்கும்போது காலில் தெரியும் அதிர்வு மாறினாலே அணையின் எந்தக் கண்ணில் மரம் சிக்கியிருக்கிறது என்று தேடப் போவாராம். மாணவி ஒருத்தி உடனே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். ஐயா, நீங்கள் சொன்னதை அவள் அப்படியே எழுதி எங்கள் சங்க மலருக்குக் கொடுத்திருக்கிறாள். அச்சானதும் உங்கள் வீட்டுக்கு வந்து தருகிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. விசுவேசுவரய்யா பிறந்த செப்டம்பர் 15ஆம் தேதி, பொறியாளர் நாளன்று, இரண்டு ஆண்டும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் குச்சியிலும் நூலிலும் பாலம் கட்டவைத்தோம். பொறியாளர்களுக்கான ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதும் டிப்ளமோ நண்பர்களுக்கு மாலை வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் பெட்ரோல் செலவுகூட வாங்கவில்லை. கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருந்த பொருளாளருக்கும், அழைப்பிதழ்களைத் தமிழில் தட்டச்சு செய்து தந்த தங்கைக்கும் நன்றி.

கொத்தனார் பயிற்சி நம் சங்கத்தின் வேலையே இல்லை என்று செயற்குழுவில் வாதாடிய மூத்தவர்களுக்கும் நன்றி சொல்கிறேன், மனதாரவே. அவர்கள் கேட்ட கேள்விகளால்தான் நாங்கள் ஒவ்வொரு செலவையும் இரண்டு முறை யோசித்தோம். அவர்களில் ஒருவர் நான்காவது வகுப்புக்குத் தானாக வந்து, கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து தானே குத்திக் காட்டினார். சட்டையெல்லாம் சிமெண்ட்.

புதிய செயலாளரின் கவனத்துக்கு: கூம்பும் குத்துக்கம்பியும் கனசதுர அச்சுகளும் அலுவலகப் பீரோவின் கீழ்த்தட்டில் எண்ணெய் தடவி இருக்கின்றன. அடுத்த வகுப்பு லால்குடிப் பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அறுவடை வேலை முடிந்தபின் தேதி வைத்தால் ஆட்கள் வருவார்கள்.

திருவெறும்பூர் வீட்டில் வரும் தை மாதம் பால் காய்ச்சுகிறார்கள். வீட்டுக்கார அம்மா தாம்பாளத்தில் பத்திரிகையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது பாதிப் பத்திரிகைகள் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. மேஸ்திரி வீட்டுக்கும், சித்தாள் அக்காக்கள் வீடுகளுக்கும், காவல்கார அம்மாவுக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாங்களும் வருகிறோம் அம்மா, குடும்பத்தோடு.

மிக்க நன்றியுடன்,
கிளைச் செயலாளர்